பேருந்து நிலையத்துக்குள் ஒரு மேடை: மினியாபோலிஸின் ஃபர்ஸ்ட் அவென்யூ

[திரையில்: வளைந்த முனையுடைய கறுப்புக் கட்டடம், சுவரெங்கும் நட்சத்திரங்கள்]

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸ் நகரத்தின் நடுப்பகுதியில் இருக்கும் இந்தக் கட்டடத்தின் சுவரில், இங்கே வாசித்த கலைஞர்களின் பெயர்களைத் தாங்கிய நட்சத்திரங்கள் நூற்றுக்கணக்கில் வரையப்பட்டுள்ளன. ‘ஃபர்ஸ்ட் அவென்யூ’ என்ற இந்த நைட் கிளப், பெரிய கச்சேரி நிறுவனங்களின் கைக்குப் போகாமல் அரை நூற்றாண்டைக் கடந்தது எப்படி என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

இது இசைக்காகக் கட்டப்பட்ட கட்டடம் அன்று. 1937-இல் கிரேஹவுண்ட் நிறுவனத்தின் பேருந்து நிலையமாகத் திறக்கப்பட்ட இடம் இது. 1968-இல் பேருந்துகள் வேறிடத்துக்கு மாறின. பயணிகள் காத்திருந்த உயரமான கூடத்தை ஆலன் ஃபிங்கர்ஹட் என்பவர் ‘தி டிப்போ’ என்ற கிளப்பாக மாற்றினார். 1970 ஏப்ரல் 3 அன்று, ஜோ காக்கர் தம் பெரிய இசைக்குழுவோடு மேடையேறியதுதான் அதன் தொடக்க நிகழ்ச்சி. இருந்தும் ஓராண்டு சற்றே கடந்ததும் கிளப் மூடப்பட்டது. 1972-இல் ஒரு வெளியூர் நிறுவனம் அதை ‘அங்கிள் சாம்ஸ்’ என்ற பெயரில், இசைத்தட்டுக்கு ஆடும் டிஸ்கோ கூடமாக நடத்தத் தொடங்கியது.

டிஸ்கோ மோகம் தணிந்து அந்த நிறுவனம் விலகிய பிறகுதான் உண்மையான கதை ஆரம்பமாகிறது. நிகழ்ச்சிகளை ஸ்டீவ் மெக்லெல்லனும் கணக்கு வழக்குகளை ஜாக் மேயர்ஸும் பார்த்துக்கொண்டார்கள். நேரடி இசை செலவு பிடிக்கும் வேலை. குழுவுக்குச் சம்பளம், ஒலி அமைப்பு, ஆட்கள் என்று எல்லாம் போக, பெயர் தெரியாத ஒரு குழுவுக்கு விற்கும் நுழைவுச்சீட்டில் மிஞ்சுவது சொற்பம். நடன இரவுகளுக்கோ இசைத்தட்டு சுழற்ற ஒருவர் போதும். கூட்டம் நிறைந்தால் பாரில் வருமானம் கொட்டும். அந்த வருமானம்தான் நஷ்டம் தரக்கூடிய குழுக்களையும் மேடையேற்றும் துணிச்சலை இவர்களுக்குத் தந்தது. வியாபாரக் கண்ணால் பார்த்தால் விசித்திரமான ஏற்பாடு. ஆனால் பல தனியார் கிளப்புகள் இந்த வழியில்தான் பிழைக்கின்றன.

[திரையில்: பக்கவாட்டில் உள்ள சிறிய கதவு]

1980 மார்ச்சில் அதே கட்டடத்தின் ஓரத்தில், ஏறக்குறைய 250 பேர் மட்டும் நிற்கக்கூடிய ‘செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி’ என்ற சிறிய அரங்கு திறக்கப்பட்டது. பெரிய கூடம் சுமார் 1,500 பேரைக் கொள்ளும். அதை நிரப்ப முடியாத உள்ளூர்க் குழுக்கள் இங்கே பழகின. ரீப்ளேஸ்மென்ட்ஸ் இங்கே வளர்ந்தது. ஹஸ்கர் டூ தன் முதல் ஆல்பத்தை 1981 ஆகஸ்டில் இந்த அறையிலேயே நேரடியாகப் பதிவு செய்தது. என்னைக் கேட்டால், புகழ்பெற்ற பெரிய கூடத்தைவிட இந்தச் சிறிய அறைதான் நகரத்தின் இசைக்கு அதிகம் செய்தது.

இருப்பினும் உலகம் அறிந்தது பெரிய கூடத்தைத்தான். 1981 இறுதியில் கிளப்புக்கு இன்றைய பெயர் வந்தது. 1983 ஆகஸ்ட் 3 அன்று, மினசோட்டா டான்ஸ் தியேட்டருக்கு நிதி திரட்ட, உள்ளூர்க்காரரான பாப் பாடகர் பிரின்ஸ் தம் இசைக்குழுவோடு இங்கே பாடினார். குழுவின் கிதார் கலைஞர் வெண்டி மெல்வாயினுக்கு அப்போது வயது 19. அக்குழுவோடு அவர் மேடையேறிய முதல் இரவு அது. கச்சேரி முழுவதும் பதிவு செய்யப்பட்டது. அன்று பாடிய ‘பர்ப்பிள் ரெயின்’ பாடலில் ஒரு சரணத்தை வெட்டி, தந்தி வாத்தியங்களைப் பிறகு சேர்த்து வெளியிட்டதைத்தான் இன்றும் நாம் கேட்கிறோம். அதே பெயருடைய 1984-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் இந்த கிளப்பே கதைக்களம்.

அந்தப் புகழால் கடன் தீரவில்லை. கட்டடத்தை 2000-இல் மெக்லெல்லன், மேயர்ஸ் ஆகியோரோடு சேர்ந்து வாங்கியவர், கிளப்பின் நிதி விவகாரங்களைக் கவனித்துவந்த பைரன் ஃபிராங்க். கிளப் தொழிலோ, ‘தி டிப்போ’வைத் தொடங்கிய ஃபிங்கர்ஹட்டின் பெயரில் இருந்தது. இரு தரப்புக்கும் ஒத்துப்போகாமல், 2004 நவம்பர் தொடக்கத்தில் தொழில் திவாலாகிக் கதவுகள் மூடப்பட்டன. கட்டடம் அதே ஃபிராங்க் தரப்பின் கையில் இருந்ததால், நகர மேயர் ஆர். டி. ரைபாக்கின் ஆதரவும் சேர, அந்த மாதமே கிளப் மீண்டும் திறந்தது. இடம் வெளியாள் ஒருவருக்குச் சொந்தமாக இருந்திருந்தால், அது இவ்வளவு விரைவாக நடந்திருக்காது என்றே தோன்றுகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் மேடை இருண்டது. அப்போது கிளப்பை நடத்திவந்த பைரனின் மகள் டெய்னா ஃபிராங்க், நாடெங்கும் உள்ள, பெரிய நிறுவனங்களைச் சாராத அரங்குகள் சேர்ந்து அமைத்த புதிய சங்கத்தின் தலைவரானார். வாடகையும் வரியும் காப்பீடும் நிற்காதபோது வருமானம் மட்டும் அடியோடு நின்றுவிட்ட நிலையை அச்சங்கம் நாடாளுமன்றத்திடம் எடுத்துரைத்தது. மினசோட்டாவின் செனட்டர் ஏமி க்ளோபுசாரும் டெக்சஸின் ஜான் கார்னினும் கட்சி வேறுபாட்டைக் கடந்து மசோதா கொண்டுவந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அரங்குகள், திரையரங்குகள் போன்றவற்றுக்கென 1,500 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் இந்த உதவிக்கு விண்ணப்பிக்க முடியாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.