கழற்றிப் பார்க்க முடியாத வேலை: விண்வெளித் துறையில் இன்ஜினியர் என்ன செய்கிறார்?

[திரையில்: விடியற்கால வானத்தில் ராக்கெட் ஏறுகிறது. பின்னணி இசை வேண்டாம்.]

2021 ஆகஸ்ட் 12, காலை 5.43 மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் கிளம்புகிறது. முதல் கட்டம் ஒழுங்காக எரிந்து முடிந்தது. இரண்டாம் கட்டமும் அப்படியே. மூன்றாவதாக இருந்த கிரையோ கட்டம், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுகிற கட்டம், பற்ற வேண்டிய நேரத்தில் பற்றவில்லை. உச்சியில் வைத்து அனுப்பிய இஓஎஸ்-03 செயற்கைக்கோள் கைவிட்டுப் போனது.

ஏன் என்று ஒரு குழு உட்கார்ந்து தேடியது. திரவ ஹைட்ரஜன் தொட்டியில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை. அழுத்தம் மிஞ்சினால் திறந்து வெளியேற்றுகிற வால்வு ஒன்று கசிந்திருக்கிறது. அதற்குள் இருந்த மெல்லிய சீல் சேதமாகியிருக்க வேண்டும். வால்வு திறந்து மூடும்போது நடந்திருக்கலாம், தூசு புகுந்திருக்கலாம், கடுங்குளிரில் மாட்டிய இடத்தில் இறுக்கம் ஏறியிருக்கலாம் என்றது குழு. திரவ ஹைட்ரஜன் இருப்பது மைனஸ் 253 டிகிரியில். அதே ரக ராக்கெட் மறுபடி பறந்தது 2023 மே 29ஆம் தேதி. இடையில் இருபத்தொரு மாதம்.

[திரையில்: கோவை, ஒரு பட்டறையின் உட்புறம். லேத் ஓடுகிறது.]

வணக்கமுங்க. வால்வும் சீலும் கோயம்புத்தூர்க்காரருக்குப் புதிதில்லை. பம்ப்செட் செய்கிற ஊர் இது. அதனால்தான் ராக்கெட்டின் வேகத்தையும் உயரத்தையும் விட்டுவிட்டு சீலில் இருந்து ஆரம்பித்தேன். விண்வெளித் துறையில் வேலை என்றால் நெருப்பும் புகையும் கவுண்டவுனும் நினைவுக்கு வரும். அங்கே இருக்கிற இன்ஜினியர்களில் பெரும்பாலோருடைய நாட்கள் இப்படி ஒரு சீல், ஒரு கனெக்டர், ஒரு வரி மென்பொருள் இவற்றுக்குப் பின்னாலேயே போகின்றன.

நம் தோட்டத்தில் ஆயிரம் அடி போர்வெல்லுக்குள் மோட்டார் நின்றுபோனால் என்ன செய்கிறோம்? ஆள் வந்து, குழாயை ஒவ்வொன்றாகத் தூக்கி, காயில் கட்டி, சாயந்திரத்துக்குள் தண்ணீர் வர வைத்துவிடுகிறார்கள். ஆயிரம் அடியானாலும் கை எட்டுகிற ஆழம்தான் அது. செயற்கைக்கோளுக்கு அந்த வசதி கிடையாது. போனது போனதுதான். எனவே பழுது வந்த பிறகு பார்க்கிற வேலை முழுவதையும், பழுது வருவதற்கு முன்பே, தரையிலேயே செய்து முடிக்க வேண்டும். இந்தத் துறையில் காணும் எல்லாக் கெடுபிடிக்கும் வேர் இதுதான்.

சரி, அந்தக் கெடுபிடி எப்படி இருக்கும்?

கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளுக்கு ஒரு அலுமினிய பிராக்கெட் செய்து தர வேண்டும். உள்ளங்கை அளவு. டிராயிங் வந்துவிட்டது, மிஷின் இருக்கிறது, ஆபரேட்டர் கெட்டிக்காரர். மற்ற ஜாப் என்றால் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

இங்கே முதல் கேள்வியே வேறு: இந்த அலுமினியக் கட்டை எங்கிருந்து வந்தது? எந்த ஆலையில், எந்த உருக்கில் வார்த்தது என்பதற்கு ஒரு ஹீட் நம்பர் உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். கட்டையை இரண்டாக அறுத்தால், அறுப்பதற்கு முன் அந்த எண்ணை இரண்டாவது துண்டிலும் பதித்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அந்தத் துண்டு, எவ்வளவு நல்ல உலோகமாக இருந்தாலும், இந்த வேலைக்கு ஆகாது. மூலையில் கிடக்கிற மீதித் துண்டை எடுத்துச் சின்ன ஜாப் ஒன்றை முடித்துவிடுவது நம் பட்டறைகளின் சிக்கனப் பழக்கம். இங்கே அது செல்லாது.

அப்புறம் அளவு. ஒரு துளை இருபது மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடிவிட்டது, பொருத்திப் பார்த்தால் அழகாகப் பொருந்துகிறது. அனுப்பிவிடலாமா? கூடாது. கூடிய அளவை எழுதி, காரணம் எழுதி, வடிவமைத்த இன்ஜினியருக்கு அனுப்ப வேண்டும். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு குழுவின் முன் வைத்து, ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவு வாங்குவார். வெல்டிங் வைத்து, திரும்பக் கடைந்து, யாருக்கும் தெரியாமல் சரி செய்கிற கைத்திறன் இருக்கிறதே, அது இங்கே குற்றத்துக்குச் சமம். வெல்டு வைத்த இடத்தில் உலோகத்தின் குணம் மாறிவிடும். மாறியது ஆவணத்தில் இல்லை என்றால், பிறகு ஏதாவது உடைந்தால் தேடுகிறவர் தவறான இடத்தில் தேடுவார்.

பட்டறைக்காரர்கள் கேட்பார்கள்: "ஏனுங்க, இத்துணூண்டு பீசுக்கு இத்தனை பேப்பருங்களா?" நியாயமான கேள்வி. எழுத்து வேலைக்கு ஆகிற நேரம் கடைகிற நேரத்தையே மிஞ்சிவிடும். ஆர்டரோ ஆயிரக்கணக்கில் வராது, சில பீஸ்கள்தான். லாபம் பார்த்து இதில் இறங்குகிறவருக்கு என் யோசனை, பம்ப் பாகத்தை விட்டுவிடாதீர்கள் என்பதுதான்.

[திரையில்: வெள்ளை உடை, முகமூடி, கையுறை அணிந்தவர்கள் செயற்கைக்கோளைச் சுற்றி நிற்கிறார்கள்.]

பாகங்கள் சேர்ந்ததும் சோதனை. ராக்கெட் உலுக்குகிற மாதிரி உலுக்க ஒரு அதிர்வு மேசை. அடுத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட பெரிய கூண்டு. அதற்குள் வைத்து மாறி மாறிச் சூடும் குளிரும் ஏற்றுவார்கள். விண்வெளியில் வெயில் படும் பக்கம் நூறு டிகிரியைத் தாண்டலாம், நிழல் பக்கம் மைனஸ் நூறுக்கும் கீழே போகலாம். இந்தக் கூண்டுச் சோதனை நாள் கணக்கில் ஓடும், ராத்திரி ஷிஃப்டும் உண்டு. யாராவது ஒருவர் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. சுவாரசியம் தேடுகிறவர்கள் இங்கே சீக்கிரம் சோர்ந்துபோவார்கள்.

வெற்றிடத்தில் நமக்குப் பழகிய பொருள்களே வேறு மாதிரி நடந்துகொள்ளும். சாதாரண கிரீஸ் மெல்ல ஆவியாகி, போய்க் கேமரா லென்ஸில் படிந்துவிடும். அதனால் பல இடங்களில் மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர்ந்த மசகுப் பொருளைப் பூசுகிறார்கள். விரல் ரேகையில் இருக்கிற எண்ணெய்ப் பசைகூடத் தொந்தரவுதான். அந்தக் கையுறைக்கு அர்த்தம் இது.

மென்பொருள் பக்கம் போனால் மட்டும் நிம்மதியா? 2022 ஆகஸ்ட் 7, இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஒரு அதிர்வு. மிகச் சின்ன நேரம்தான். முடுக்கத்தை அளக்கிற சென்சார்கள் அந்தக் கணத்தில் தங்கள் எல்லையைத் தொட்டுவிட்டன. சென்சார்கள் கெட்டுவிட்டன என்று கணினி முடிவெடுத்து, மாற்று வழிக்குத் தாவியது. சென்சார்கள் நன்றாகத்தான் இருந்தன. சுமார் 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதை வேண்டும். கிடைத்த நீள்வட்டத்தின் தாழ்ந்த முனை எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு வந்துவிட்டது. அங்கே காற்று இழுத்துக் கீழே தள்ளிவிடும். எழுதியவர் திறமையானவர், நிரல் எழுதியபடியே ஓடியது. இப்படி ஒரு அதிர்வு வரும் என்று மட்டும் யாரும் எண்ணவில்லை. ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, திருத்திய எஸ்எஸ்எல்வி சரியாகப் போய்ச் சேர்ந்தது.

தரையிலேயே செய்து பார்ப்பது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

[திரையில்: நாமக்கல் மாவட்டம், சித்தம்பூண்டி. வெளிறிய பாறைகள்.]

நிலாவில் இறங்க வேண்டும் என்றால் நிலா மண்ணில் இறங்கிப் பார்க்க வேண்டும். டன் கணக்கில் நிலா மண்ணுக்கு எங்கே போவது? நிலாவின் மேட்டு நிலங்களில் இருப்பது அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர்களும் இந்த வேலையில் துணை நின்றார்கள். பாறையை வேண்டிய பருமனில் பொடித்துப் பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கொட்டி, சந்திரயான்-2இன் லேண்டரையும் (இறங்கும் கலம்) ரோவரையும் (ஊர்ந்து போகும் வண்டி) அதில் சோதித்தார்கள். நிலாவில் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு என்பதால், ரோவரின் எடையைக் குறைக்க ஹீலியம் பலூனைக் கட்டித் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். சூரிய வெளிச்சம் விழும் கோணத்துக்கு விளக்கு வைத்தார்கள். இந்தச் செயற்கை நிலா மண்ணைச் செய்யும் முறைக்கு 2020இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமை கிடைத்தது.

இத்தனை செய்தும் 2019 செப்டம்பரில் விக்ரம் என்ற அந்த லேண்டர் மெதுவாக இறங்கவில்லை, விழுந்தது. அடுத்த முறை எது எது தவறலாம் என்ற பக்கத்தில் இருந்து கணக்கை ஆரம்பித்தார்கள். கால்களை இன்னும் வேகமான மோதலைத் தாங்கும்படி பலப்படுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலாவில் மெதுவாக இறங்கியதைத்தான் ஊரே பார்த்தது.

கொங்கு நாட்டுக்கும் இந்தத் துறைக்கும் பாறையோடு தொடர்பு முடிவதில்லை. கிரையோ இன்ஜின் பாகங்களுக்காகத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு சேலம் உருக்காலையில் இருந்து போயிருக்கிறது. நூற்பாலை மிஷின் செய்து பெயரெடுத்த கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் (இப்போது எல்.எம்.டபிள்யூ.) விமானம், விண்வெளிப் பாகங்களுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. பஞ்சாலை வந்ததால் மிஷின் கடை வந்தது, மிஷின் கடை வந்ததால் இது.

மனிதர்கள் என்று பார்த்தால் முதலில் மயில்சாமி அண்ணாதுரை. கோதவாடியில் பிறந்து, பொள்ளாச்சியில் கல்லூரி வாசல் மிதித்து, தடாகம் ரோடு ஜி.சி.டி.யில் (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) பி.இ., பி.எஸ்.ஜி.யில் எம்.இ. முடித்து 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அவர் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 கிளம்பியது 2008இல், அவர் சேர்ந்து இருபத்தாறு ஆண்டு கழித்து. இந்த இடைவெளியைப் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்த வளர்மதி அரியலூர்க்காரர் என்றாலும் அவர் படித்ததும் ஜி.சி.டி.யில்தான்.

[திரையில்: வெறும் எழுத்து. "சரி, எப்படிப் போவது?"]

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.இ. படித்தவர் இஸ்ரோவின் 'சயின்டிஸ்ட்/இன்ஜினியர் எஸ்சி' பதவிக்கு எழுதலாம் (இங்கே எஸ்சி என்பது பதவி நிலையின் பெயர், சாதிப் பிரிவு இல்லை). வழக்கமாகக் கேட்பது 65 சதவீதம் அல்லது 6.84 சி.ஜி.பி.ஏ. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி. பிளஸ் டூ முடித்ததும் திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.யில் சேர வேண்டும் என்றால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதியாக வேண்டும். ஏரோநாட்டிக்கல் படித்தால்தான் எடுப்பார்கள் என்பது நம் ஊரில் பரவிக் கிடக்கிற பெரிய தப்பெண்ணம். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்குத்தான் அங்கே இடம் அதிகம்.

வேலை நடக்கும் ஊர்கள் பெங்களூர், திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, மகேந்திரகிரி போன்றவை. கோவையில் இஸ்ரோ மையம் கிடையாது. ஊரை விட்டுப் போக மனமில்லை என்றால் பாகம் செய்து தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. தனியார் ராக்கெட் கம்பெனி வேண்டும் என்றால் சென்னையில் அக்னிகுல், ஹைதராபாத்தில் ஸ்கைரூட். அங்கே வேகம் கூடுதல், நிலைத்தன்மை குறைவு. ஒற்றைத் துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த இன்ஜினோடு அக்னிகுல் ராக்கெட் 2024 மே 30 அன்று பறந்தது. அதற்கு முன் பலமுறை கடைசி நேரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கிளம்ப வேண்டாம் என்று சொல்லத் துணிகிற ஆள் அந்த அறையில் இருந்ததை நான் நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஐ.டி.ஐ. படித்த தம்பி, தங்கைகளுக்கும் வழி உண்டு. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் என்று டிரேடு வாரியாக 'டெக்னீஷியன் பி' பணிக்கு இஸ்ரோ மையங்கள் அவ்வப்போது ஆள் எடுக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அந்த டிரேடில் என்.டி.சி. என்ற தேசியத் தொழிற்சான்றிதழும் கேட்பார்கள். எழுத்துத் தேர்வுக்குப் பின் கைவேலைத் தேர்வு நடக்கும். அதற்கு, இப்போது வேலை பார்க்கிற பட்டறையிலேயே டிராயிங் பார்த்துக் கடையவும் மைக்ரோமீட்டரில் அளந்ததை அப்படியே எழுதி வைக்கவும் பழகிக்கொள்ளுங்கள். அறிவிப்பு அந்தந்த மையத்தின் இணையதளத்தில்தான் வரும். ஏஜென்டு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.