பாண்டிச்சேரியை பிரெஞ்சில் அடிக்க முடியுமா? எட்டாவது எழுத்தில் மாட்டுவீர்கள்!

வணக்கம் மக்களே! கணினியைத் திறந்து நம்ம ஊர்ப் பெயரை பிரெஞ்சில் அடித்துக் காட்டுங்கள் பார்ப்போம். ஏழு எழுத்து வரை விரல் ஓடும். எட்டாவதில் நின்றுவிடும். அங்கே வர வேண்டியது சாதாரண ஆங்கில ஈ (e) இல்லை. தலையில் வலப்பக்கம் மேலேறும் கோடு போட்ட ஈ (é).

[திரையில்: கீபோர்டு. கேமரா வரிசை வரிசையாக நகர்கிறது]

தேடுங்கள், நன்றாகத் தேடுங்கள். கிடைக்காது.

பீச் பக்கம் சில கஃபே போர்டுகளில், அந்தக் கோட்டை ஈ-யின் தலையில் வைக்காமல் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், கழன்று விழுந்த கம்மல் மாதிரி. காபி நன்றாக இருந்தால் மன்னித்துவிடலாம். ஆனால் வீட்டில் பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர்கள் இருந்தால் விஷயம் விளையாட்டில்லை. ஒரு காகிதத்தில் பெயர் கோட்டோடும் இன்னொன்றில் கோடில்லாமலும் இருந்தால் அப்புறம் யார் அலைவது?

கீபோர்டில் ஏன் இல்லை? நம் கடைகளில் விற்பது அமெரிக்க ஆங்கிலத்துக்காக அமைத்த கீபோர்டு. வரலாறு அவ்வளவுதான், மேலே போவோம்.

எல்லோரும் சொல்லித்தரும் வழி எண் வழி. நம் லாக் (Num Lock) கீயைப் போட்டு, ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி வலப்பக்க எண் பலகையில் 0233 அடித்து, ஆல்ட்டை விட வேண்டும். கோடு போட்ட ஈ வந்துவிடும். முன்னால் உள்ள 0-வை விட்டால் பெரும்பாலான கணினிகளில் கிரேக்கத் தீட்டா வந்து உட்காரும். 0 இருந்தால் விண்டோஸ் தன் எழுத்துப் பட்டியலைப் பார்க்கிறது, இல்லாவிட்டால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழைய பட்டியலைப் புரட்டுகிறது. அந்தப் பழைய பட்டியலில் நம்ம ஈ-க்கு எண் 130.

என் கருத்தைக் கேட்டால், இது மனப்பாடப் பரீட்சை. அதுவும் பல லேப்டாப்களில் எண் பலகையே கிடையாது. விடுங்கள்.

[திரையில்: மேற்கோள் கீ மட்டும் பெரிதாக]

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய், ஆங்கிலத்தின் கீழ் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' கீபோர்டைச் சேருங்கள். பிறகு ஒற்றை மேற்கோள் கீயைத் தட்டுங்கள். ஒன்றும் நடக்காது! கீ கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது காத்திருக்கிறது. அடுத்து ஈ-யைத் தட்டினால் கோடும் எழுத்தும் சேர்ந்தே வரும். மேற்கோளுக்குப் பின் சி தட்டினால் சி-யின் காலில் கொக்கி விழும். பிரான்சுவா மார்த்தேன் வீதியின் பெயரை எழுத இது இல்லாமல் முடியாது. ஷிஃப்ட்டோடு 6 தட்டி ஈ தட்டினால், கிரெப் என்ற பிரெஞ்சுப் பலகாரத்தின் பெயரை எழுத வேண்டிய கூரை (ê). 1-க்கு இடப்பக்கக் கீ, எதிர்ப்பக்கம் சாயும் கோட்டுக்கு.

இதற்கு டெட் கீ என்று பெயர். டைப்ரைட்டர் காலத்துச் சரக்கு. சாதாரணக் கீயைத் தட்டினால் காகிதம் ஓர் எழுத்து நகரும். இந்தக் கீயைத் தட்டினால் கோடு மட்டும் பதியும், காகிதம் அசையாது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும்.

தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் யாராவது பார்க்கிறீர்களா? உங்களுக்கு இது புதுசே இல்லை! தமிழ் டைப்ரைட்டரில் 'க்' அடிக்க முதலில் புள்ளி, பிறகு க. நாம் கையால் எழுதும்போது க எழுதிவிட்டுத்தான் புள்ளி வைப்போம், இயந்திரத்தில் அப்படியே தலைகீழ். 247 எழுத்தை நாற்பது சொச்சம் கீக்குள் அடக்க வேண்டுமே! யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா தமிழ் டைப்ரைட்டரை வடிவமைத்தபோது அவருக்குக் கைகொடுத்ததும் இந்த டெட் கீ, அதாவது நகரா விசைதான். இன்ஸ்டிடியூட்டில் பெஞ்சு தேய்த்த அக்காக்களுக்கு பிரெஞ்சு கோடு பத்து நிமிஷ வேலை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வீடியோவை அனுப்புங்கள், அப்படியே ஒரு லைக்கும்.

ஒரு தொல்லை உண்டு. இரட்டை மேற்கோளும் இங்கே டெட் கீதான். மேற்கோளுக்குள் ஆங்கிலத்தில் 'இந்தியா' என்று எழுதப் போனால் மேற்கோள் காணாமல் போய், ஐ-யின் தலையில் இரண்டு புள்ளி முளைக்கும். மேற்கோளைத் தட்டியதும் ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டு எழுத்துக்குப் போங்கள், சரியாகிவிடும். பாஸ்வேர்டில் மேற்கோள் வைத்திருப்பவர்களே, உஷார்!

பிரான்சிலிருந்து வரும்போது அத்தை கொண்டுவந்த லேப்டாப் இருக்கிறதா? அதில் கோடு போட்ட ஈ, 2-ஆம் எண் கீயிலேயே இருக்கும். 2 வேண்டுமென்றால்தான் ஷிஃப்ட்! ஆனால் அதே ஈ பெரிய எழுத்தாக வேண்டுமென்றால் பழைய பிரெஞ்சு கீபோர்டில் அதற்குத் தனிக் கீ கிடையாது. 2019-இல் பிரான்ஸ் வெளியிட்ட புதிய கீபோர்டுத் தரத்தில்தான் அதற்கு ஒழுங்கான வழி வந்தது. நாமோ மேற்கோள் தட்டி, ஷிஃப்ட்டோடு ஈ தட்டி, முடித்துவிடுகிறோம்.

[திரையில்: ₹]

கடலூர்க்காரர்களே, இது உங்களுக்கு. 2010-இல் அரசு ஏற்ற இந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர். கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 'இங்கிலீஷ் இந்தியா' கீபோர்டில் வலது ஆல்ட்டும் 4-ம் தட்டினால் ₹ வரும். ஆனால் நான் மேலே சேர்க்கச் சொன்ன இன்டர்நேஷனல் கீபோர்டில் இது வராது. அங்கே வலது ஆல்ட்டும் 5-ம் தட்டினால் யூரோ வரும். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீடுகளை மனதில் வைத்தே செய்திருப்பார்கள் போல! இரண்டையும் வைத்துக்கொண்டு, விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்துத் தட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

மேக்கிலும் ஃபோனிலும் ஈ-யை அழுத்திப் பிடித்தாலே எல்லாக் கோடுகளும் வரிசையாக வந்து நிற்கும். அது வைத்திருப்பவர்கள் இவ்வளவு நேரம் பார்த்ததற்கு நன்றி!