ஈயக் குண்டும் அதன் கலப்பும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடும் துவக்கை வன்னியில் இடியன் என்று சொல்வோம். அந்த வகைத் துவக்குக்குள் போன உருண்டைக் குண்டு எந்த உலோகத்தில் வார்க்கப்பட்டது என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். துவக்கின் குழலைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறவர்கள்கூட, குண்டு என்று வந்ததும் ஈயம் என்ற ஒரு சொல்லோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் அந்தப் பெயரில் கிடக்கும் உலோகம் ஒன்றல்ல. பழைய நீர்க்குழாயில் இருப்பது ஒன்று, வாகனச் சில்லின் ஓரத்தில் எடை சமன்படுத்தப் பொருத்துவது இன்னொன்று, அச்சுக்கூடத்து எழுத்து வேறொன்று, பற்றறித் தகடு முற்றிலும் வேறு. இவற்றுள் உருண்டைக் குண்டுக்கு நன்றாகப் பொருந்துவது கலப்பற்ற ஈயம் மட்டுமே.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். காட்டுப்பாதையில் கயிறு கட்டி வைக்கும் துவக்கு அதைவிடக் கொடியது. பன்றிக்கு வைத்தது விறகுக்குப் போன மனிதரின் காலையும் யானையின் காலையும் சிதைத்ததை வன்னியில் அறியாத ஊர் இல்லை. நான் பேசுவது உலோகத்தின் இயல்பைப் பற்றியும், இந்த மண்ணின் வரலாற்றில் அந்த உலோகம் வகித்த இடத்தைப் பற்றியும் மட்டுமே.

உலோக வேலைப் பாடம் கற்பித்த காலத்தில் மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரே அச்சில் வார்த்த இரண்டு உருண்டைகளை என்னோடு கொண்டுவந்திருக்கிறேன். இரண்டும் அரை அங்குல விட்டம் கொண்டவை. ஒன்று பழைய ஈயக் குழாயை உருக்கி வார்த்தது. மற்றது மூடப்பட்ட ஓர் அச்சகத்திலிருந்து கிடைத்த தேய்ந்த எழுத்துகளை உருக்கி வார்த்தது. முதலாவதை இந்த மேசையில் விழவிடுகிறேன், கேளுங்கள். சத்தம் மந்தமாக எழுந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. இனி இரண்டாவது. இதில் ஒரு கணீர் ஓசை இருக்கிறது. முதல் உருண்டையில் என் பெருவிரல் நகத்தை அழுத்தி இழுத்தால் வெள்ளிபோல் மினுங்கும் ஒரு கீறல் விழுகிறது. இரண்டாவதில் நகம் வழுக்கிப் போகிறது. நகைக்கடைத் தராசில் இட்டால் முதலாவது 12 கிராமைச் சற்றுத் தாண்டும். மற்றது ஏறக்குறைய ஒரு கிராம் குறைவாக நிற்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அச்செழுத்தில் கலந்திருக்கும் அந்திமனி என்ற மூலகமும் வெள்ளீயமும். தூய ஈயம் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம் நிறையுடையது, அந்திமனி 6.7 கிராம், வெள்ளீயம் 7.3 கிராம். ஆகவே இவை சேரச் சேரக் கலவை இலேசாகிறது, கூடவே கடினமும் ஆகிறது. பிரினெல் என்ற கடினத்தன்மை அளவீட்டில் தூய ஈயம் ஏறத்தாழ 5. வரிவரியாக எழுத்து வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் உலோகம் ஏறத்தாழ 22. அச்சு எழுத்துக்கு அந்திமனி ஏன் தேவைப்பட்டது என்பதும் நம் பேச்சோடு தொடர்புடையதுதான். தூய ஈயம் உறையும்போது நன்றாகச் சுருங்கும். அதில் எழுத்து வார்த்தால் 'ழ'கரத்தின் சுழியும் 'ண'கரத்தின் வளைவும் மழுங்கிவிடும். அந்திமனி கலந்தால் அந்தச் சுருக்கம் வெகுவாகக் குறைந்து, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் நிரம்பிக் கூர்மையான எழுத்து கிடைக்கும். நம்முடைய தமிழ் நூல்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் பல தலைமுறைகளாகத் தெளிவாக அச்சிட்டுத் தந்த அதே குணம்தான் குண்டுக்கு இடையூறாகிறது. சுருக்கம் குறைவாக இருப்பதால், ஒரே அச்சில் வார்த்தாலும் கலவைக் குண்டு தூய ஈயக் குண்டைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று இரண்டு பங்கு பெரிதாக வெளிவருகிறது. எண் சிறியதுதான், ஆனால் வாய்வழித் துவக்கில் குண்டு போகும் வழியே அந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தத் துவக்குகளில் இடும் கரிமருந்து எரியும்போது அதன் நிறையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. திண்மத் துகளாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையாகப் போக, மீதி குழலின் உட்சுவரில் படிகிறது. இரண்டாவது, மூன்றாவது குண்டை இடும்போது வழி இறுகியிருக்கும். இதனால்தான் பழைய படைத்துவக்குகளில் குண்டைக் குழலைவிடச் சிறிதாக வைத்தார்கள். பிரித்தானியக் காலாட்படையின் பிரவுண் பெஸ் துவக்கின் குழல் ஏறத்தாழ முக்கால் அங்குலம். அதன் குண்டு 0.69 அங்குலமளவு. ஓர் இறாத்தல் ஈயத்தில் பதினான்கரைக் குண்டுகள் என்பது அவர்களுடைய கணக்கு. அதாவது ஒரு குண்டு சுமார் 31 கிராம். துவக்கின் துளையை இறாத்தல் கணக்கில் சொல்லும் இந்த வழக்கம் இன்றும் மறையவில்லை. வயற்காவலுக்கு அனுமதி பெற்று வைத்திருக்கும் 12 போர் துவக்கின் '12' என்பது, அந்தத் துளையின் அளவுக்கு வார்த்த ஈயக் குண்டுகள் ஓர் இறாத்தலுக்குப் பன்னிரண்டு நிற்கும் என்பதைத்தான் குறிக்கிறது.

உட்சுவரில் சுருள் பள்ளம் வெட்டிய, அதாவது புரியுள்ள குழலாக இருந்தால் ஈயத்தின் மென்மை இன்னும் முக்கியமாகிறது. அங்கே நெய் அல்லது கொழுப்புத் தடவிய துணித்துண்டை வாயில் விரித்து, அதன்மேல் குண்டை வைத்து, இரண்டையும் சேர்த்து உள்ளே தள்ளுவார்கள். புரியைப் பிடிப்பது துணி. குண்டைப் பிடிப்பதும் அதே துணி. தூய ஈயம் அந்த அழுத்தத்துக்கு இணங்கிக் கொடுப்பதால் துணியின் இழை நெசவே குண்டின் மேனியில் பதிந்துவிடும். கடினமான கலவை இணங்காது. ஒன்றில் துணி கிழியும், அல்லது குண்டு பாதி வழியில் இறுகி நிற்கும். இறுகி நிற்பதுதான் பேராபத்து, ஏனென்றால் மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெளி விட்டுச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். அப்படிச் சிக்கிய குண்டைத் திருகாணி பொருத்திய கம்பியை உள்ளே விட்டு, குண்டினுள் திருகி இழுத்தெடுப்பார்கள். தூய ஈயத்தில் திருகாணி கடித்துப் பிடிக்கும், அச்செழுத்து உலோகத்தில் அது வெறுமனே சுழலும். அமெரிக்காவில் வாய்வழித் துவக்கு சுடுவது இன்றும் ஒரு விளையாட்டு; 1933 இல் அதற்கென ஒரு தேசியச் சங்கமே அமைத்தார்கள். அந்த விளையாட்டுக்காரர்கள் தூய ஈயத்தைத் தேடித் தேடி வாங்குவதற்கு நான் சொன்ன இந்தக் காரணங்களே போதும். புரியில்லாத குழலில், தளர்வாகப் போகும் குண்டுக்குச் சிறிதளவு கலப்பு பெரிய தீங்கு செய்யாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் ஒரு குண்டு 31 கிராமும் அடுத்தது 29 கிராமுமாக இருந்தால், ஒரே மருந்தளவுக்கு அவை ஒரே இடத்தில் போய் விழ மாட்டா.

இனி வார்க்கும் முறை. தூய ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுகிறது; அந்த ஒரே வெப்பநிலையில் உருகி, அதே வெப்பநிலையில் உறையவும் செய்கிறது. கலவையின் நடத்தை வேறு. ஈயத்தில் அந்திமனி நூற்றுக்குப் பதினொரு பங்களவில் இருந்தால் உருகுநிலை 252 பாகைக்கு இறங்கிவிடும். விகிதம் அதிலிருந்து விலகினால், கூழ்போல் பாதி உருகியும் பாதி உறைந்தும் நிற்கும் ஓர் இடைநிலை வரும். அனுபவமுள்ளவர் சட்டியில் உலோகம் இளகும் விதத்தைப் பார்த்தே இது தூயதா கலப்பா என்று சொல்லிவிடுவார். சட்டி வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் இந்தச் சூட்டில் வலுவிழந்து, அடி விட்டுப்போகும். அச்சும் முதலில் சூடேற வேண்டும். குளிர்ந்த அச்சில் ஊற்றிய முதல் சில குண்டுகள் உலர்ந்த நெல்லிக்காய்போல் சுருக்கம் விழுந்துதான் வரும். அவற்றைத் திரும்பச் சட்டியில் போட வேண்டியதுதான். அச்சு அளவுக்கு மீறிச் சூடானால் குண்டின் மேனி பனி படர்ந்ததுபோல் மங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில் வரும் குண்டு கண்ணாடிபோல் இருக்கும். வார்க்கும் துளையில் எஞ்சும் குமிழை வெட்டிவிட்டால் ஒரு சிறு தட்டை வடு தங்கும்; குழலில் இடும்போது அந்த வடுவை எப்போதும் ஒரே பக்கமாக, வழக்கமாக மேல்நோக்கி வைப்பார்கள்.

உருகிய ஈயத்தின் மேல் படியும் சாம்பல் நிறப் படலத்தை உடனே வழித்தெறிவது நல்லதல்ல. கலவையாக இருந்தால் அந்தப் படலத்தோடு வெள்ளீயமும் போய்விடும். சிறிது தேன்மெழுகை இட்டுக் கிளறினால் படலத்திலுள்ள ஒட்சைட்டு மீண்டும் உலோகமாகித் திரும்பும்; அழுக்கு மட்டும் மேலே மிதக்கும். ஒரு துளி நீர்கூடச் சட்டிக்குள் விழக்கூடாது. நீர் உலோகத்தின் அடியில் சிக்கி ஒரே கணத்தில் நீராவியாகும்போது, சட்டியிலுள்ள ஈயம் முழுவதும் முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.

குண்டு வார்க்காதவர்களும் கேட்க வேண்டிய பகுதி இது. நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் வீச்சுவலைக்கு ஈயமணி கட்டுகிறோம். அதற்காக ஈயம் உருக்குகிற வீடுகள் உண்டு. வலைக்குக் கலப்பு ஈயம் ஆகாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே எடைதான் வேண்டியது. ஆனால் பற்றறித் தகட்டை மட்டும் அடுப்பில் வைக்காதீர்கள். அதில் அந்திமனியும் ஆசனிக்கும் கல்சியமும் சேர்ந்திருக்கும். ஊறிய அமிலமும் போகாது. அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆசீன், ஸ்ரிபீன் என்ற கொடிய வாயுக்கள் எழக்கூடும். புதிய சில்லு எடைகளிலும் ஒரு சிக்கல் உண்டு: அவற்றுள் பல இப்போது நாகத்தில், அதாவது துத்தநாகத்தில், செய்யப்படுகின்றன. நாகம் 419 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால், சூட்டை அதற்குக் கீழே வைத்தால் அது உருகாமல் மேலே மிதக்கும். அப்போதே கரண்டியால் எடுத்துவிட வேண்டும். சூடு மீறி நாகம் கலந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயம் முழுவதும் அச்சில் சரியாக நிரம்பாமல் பாழாகும். எந்த ஈயத்தை உருக்கினாலும் வெளியில், காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் அருகில் வராதபடி உருக்குங்கள். சமையல் பாத்திரத்தை அதற்குத் தொடாதீர்கள். கை கழுவாமல் வெற்றிலை போடாதீர்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளையையே ஈயம் முதலில் பாதிக்கிறது.

நான் அறிந்தவரையில் ஈயத்தைத் தோண்டி எடுக்கும் சுரங்கம் எதுவும் இலங்கையில் இயங்கவில்லை. இந்த நாட்டில் சுடப்பட்ட ஈயக் குண்டுகளின் உலோகம் பெரும்பாலும் கப்பலில் வந்ததாகவே இருக்க வேண்டும். 1803 ஆகஸ்டில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்ரோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றதும் நாம் அறிந்தவை. அந்தப் போர்களில் இரு பக்கமும் சுடப்பட்ட குண்டுகளில் ஒருசில இன்னும் இந்த மண்ணுக்குள் இருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படி ஒரு குண்டு கிடைத்தால் அதன் எடை, விட்டம், கடினம் என்ற மூன்றையும் அளந்தாலே எந்த வகைத் துவக்குக்கு வார்த்தது, தூய ஈயமா, கையில் கிடைத்ததை எல்லாம் உருக்கிச் சேர்த்ததா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வரலாற்று ஏடுகள் சொல்லாமல் விட்ட பற்றாக்குறையைக் கலப்பு உலோகம் சொல்லும்.

ஆனால் வன்னி மண்ணுக்குள் பழைய குண்டு மட்டும் இல்லை. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ கூம்பு வடிவில், செம்பு நிறத்தில், பித்தளைக் கோதோடு எது வெளிவந்தாலும் அது அண்மைக் காலப் போரின் ரவை. அதைத் தொடாமல், இடத்தைக் குறித்துவிட்டு, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். உள்ளே இருப்பது ஈயம்தானே என்று அதை நெருப்பில் போடுவது உயிரோடு விளையாடுவதாகும். பழைய உருண்டைக் குண்டு வேறு தோற்றம் உடையது: கோது இராது, செம்பு இராது, மேனி முழுவதும் வெண்மையான ஒரு பூச்சு படர்ந்திருக்கும். நீண்ட காலம் மண்ணுக்குள் கிடந்த ஈயத்தில் உண்டாகும் காபனேற்று அது. அதைச் சுரண்டி மினுக்கக் கூடாது. தூசி நஞ்சு என்பது ஒரு காரணம், கீழே உள்ள துணியின் நெசவுத் தடமோ அச்சின் பொருத்துக் கோடோ அந்தப் பூச்சோடு சேர்ந்து அழிந்துவிடும் என்பது மறு காரணம். கிடைத்த இடத்தைக் குறித்து, ஒரு துணியில் சுற்றி, தொல்பொருள் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்துக்கு அறிவித்தால் போதும்.

நன்றி. வணக்கம்.