குச்சியைக் கிழித்துப் பாருங்கள்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோத்தகிரிக் குளிரில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964-இல் டோக்கியோவில் 500 பிரதி அச்சிட்ட ‘கிரேப்ஃப்ரூட்’, 2013-இல் புள்ளிப் படங்களோடு கொண்டுவந்த ‘ஏகார்ன்’ என்ற இரண்டு புத்தகங்கள்தான் இன்றைய வழக்கு. இதைச் செய், அதைக் கேள் என்று நாலைந்து வரிக்குள் முடிகிற கட்டளைகள். இவை படித்து ரசிக்கவா, செய்து பார்க்கவா?

“மனசுக்குள்ளேயே செஞ்சு பார்த்தா போதும்” என்றார் எதிரணித் தலைவர். பூமி சுழலும் சத்தத்தைக் கேள் என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அதை எந்தக் காதால் கேட்பது என்று மடக்கவும் செய்தார். நல்ல பிடிதான். 1962-இல் ஓவியமே இல்லாமல், கட்டளை எழுதிய தாள்களை மட்டும் கண்காட்சியில் வைத்தவர் ஓனோ. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1955-இல் அவரே எழுதிய தீக்குச்சிக் கட்டளைக்கு என்ன சொல்வீர்கள்? ஒரு குச்சியைக் கொளுத்தி, அணையும்வரை பார்க்கச் சொல்கிறது. மனசுக்குள் கொளுத்தினால் முதல் உரசலிலேயே பற்றிக்கொள்ளும். ஆடி மாச மூடுபனியில் நம்ம ஊரில் பற்றுமா? குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் ஒட்டியிருக்கும் பசை ஈரத்தில் இளகிவிடும். உரசினால் நெருப்புக்குப் பதில் மருந்துதான் பெயர்ந்து வரும். நமத்த பெட்டியை அடுப்போரம் காயவைக்காதீர்கள், ஆபத்து. புதுப்பெட்டியாக வாங்கி, மூடி இறுகும் பாட்டிலில் போட்டு வையுங்கள்.

பற்றியாயிற்று. எப்படிப் பிடிப்பது? தலையை மேலே தூக்கினால் சீக்கிரம் அணைந்துவிடும். கீழே சாய்த்தால் தீ மரத்தில் ஏறி விரலைச் சுடும். படுக்கை வாட்டில், தலைப்பக்கம் ஒரு நூல் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். பாதிக்கு மேல் எரிந்ததும், கரியான தலையை இன்னொரு கையின் ஈர விரல்களால் பிடித்துத் திருப்பினால் மிச்சக் குச்சியும் எரியும். அழுத்தினால் கரி ஒடிந்து கீழே விழும், ஆட்டம் முடிந்தது. விரல் சுட்டுக் குச்சியை உதறியவர் ‘அணையும்வரை’ பார்க்கவில்லை. அந்தச் சொல்லின் எடை விரல் நுனிக்குத்தான் தெரியும். ஓனோவே 1966-இல் ஒரு குச்சி எரிவதை அதிவேகக் கேமராவில் படமாக்கினாரே, நினைத்தால் போதும் என்றால் அது எதற்கு?

நம்ம வாசலுக்கே வாருங்கள். “ஊடுபுள்ளி, 15-இல் தொடங்கி 8 வரை” என்று பத்திரிகையில் கோலத்துக்கு ஒரு வரி வரும். அதுவும் கட்டளைதான். நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. கணக்குப் போட்டால் 15 வரிசை, 169 புள்ளி. இரண்டாம் வரிசைப் புள்ளியை மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் வைக்காமல் நேர்கீழே வைத்துவிட்டால், இழுக்கிற கோடு நாலாம் வரிசையில் போக இடமில்லாமல் நிற்கும். படித்த கோலத்தில் யாருக்காவது புள்ளி தப்பியதுண்டா?

1996-இல் ஓனோ தொடங்கிய ஆசை மரமும் அப்படியே. ஆசையைத் தாளில் எழுதி, மடித்து, கிளையில் கட்ட வேண்டும். இங்கே ஜெல் பேனாவில் எழுதினால் ஒரு மழைக்குள் ஆசை கரைந்துவிடும், பென்சில் நிற்கும். பிளம்ஸ் மரம் தோது, கிளை கைக்கெட்டும். நைலான் கயிறு வேண்டாம், கிளை பருக்கும்போது பட்டையை அறுக்கும். பருத்தி நூலைத் தளர்வாகக் கட்டுங்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் நீங்கள் ஒரே ஒரு குச்சி கிழிக்க வேண்டும். பெட்டியை எங்கள் அணியே தருகிறது, காய்ந்த பெட்டிதான். எதிரணி விரும்பினால் நினைத்துக்கொள்ளட்டும்.