பெட்டிக்குள் போன மாடு

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் 11 வருடம் மாடுகளோடு பிழைத்தவன் நான். அங்கே மாட்டிறைச்சித் தொழில் நாலு கைக்குள் அடங்கிய கதையைப் பேசச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் பேசுவேன், எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அந்த நாலு கை டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப். ஃபீட்லாட் என்று சொல்லும் பட்டிகளில் மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கிற மாடுகளில் நூற்றுக்குச் சுமார் 85 இந்த நாலில் ஒன்றுக்குத்தான் போகிறது. 1980-இல் முதல் நாலு கம்பெனிகளின் பங்கு 36 சதவீதம். 1990-இல் 72. பத்தே வருடத்தில் இரண்டு மடங்கு!

இது முதல் தடவையும் இல்லை. நூறு வருடம் முன்னால் ஸ்விஃப்ட், ஆர்மர் முதலிய ஐந்து கம்பெனிகள் இதே மாதிரி கோலோச்சின. அவற்றை அடக்க 1921-இல் தனிச்சட்டமே வந்தது. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. சரி, அப்புறம் எப்படி மறுபடியும் இப்படி ஆனது?

சிலர் சதி என்பார்கள். நான் அட்டைப்பெட்டி என்பேன். சிரிக்காதீர்கள்.

பழைய முறையில், சிகாகோ மாதிரி நகரத்தில் மாட்டை அறுத்து, பாதியாகவோ காலாகவோ கொக்கியில் தொங்கவிட்டு, குளிரூட்டிய வண்டியில் அனுப்புவார்கள். கடையில் தொழில் தெரிந்த கசாப்புக்காரர் அதை வெட்டி விற்பார். 1960-இல் அயோவாவில் தொடங்கிய அயோவா பீஃப் பேக்கர்ஸ் என்ற கம்பெனி, 1967 வாக்கில் இதை மாற்றியது. ஆலையிலேயே எலும்பையும் கொழுப்பையும் கழித்து, துண்டுகளாக்கி, காற்றை உறிஞ்சிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடைத்தது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

ஆனால் அந்தப் பெட்டி என்னவெல்லாம் செய்தது பாருங்கள். எலும்புக்கு லாரி வாடகை மிச்சம். கடையில் கசாப்புக்காரர் தேவையில்லை. ஆலையிலும் முழு மாட்டை வெட்டத் தெரிந்த ஆள் தேவையில்லை. ஒருவர் நாள் முழுக்க ஒரே வெட்டை வெட்டினால் போதும். அதனால் சங்கம் வைத்து நல்ல கூலி வாங்கிய நகரத் தொழிலாளியை விட்டுவிட்டு, ஆலை மாடு இருக்கிற இடத்துக்கே போய்விட்டது. 1865-இல் திறந்த சிகாகோ மாட்டுத்தாவணி 1971-இல் மூடப்பட்டது. 1980-இல் நான் இருந்த பகுதியில், ஹோல்கம் என்ற சிற்றூரில், பிரம்மாண்டமான ஆலை வந்தது. நாளுக்கு ஆயிரக்கணக்கான மாடு அறுக்கிற ஆலையில் ஒரு மாட்டுக்கு ஆகும் செலவு குறைவு. அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் சின்ன ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. பெட்டிதான், மறுபடியும் சொல்கிறேன், பெட்டிதான்.

இதில் மாடு வளர்க்கிறவர் எங்கே நிற்கிறார்? ஒரு பெரியவரின் பட்டிக்கு நான் வாராவாரம் போவேன். ஒரு நாள் மாடு வாங்கும் ஏஜெண்டு வந்தார், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பட்டி பட்டியாக மெதுவாக ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி ஒரு விலை சொன்னார். "அரை மணி நேரம்" என்றார். கண்ணாடி ஏறிவிட்டது.

நம்மூர்ச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற பேரத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது பேரம் தொடங்கும் என்று காத்திருந்தேன். பெரியவர் இன்னொரு ஏஜெண்டுக்குப் போன் போட்டார். இந்த வாரத்துக்கு எடுத்தாயிற்று என்று பதில். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீர்த்தொட்டியில் மிதந்த வைக்கோலை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு வண்டியருகே போய்த் தலையாட்டினார்.

அடுத்த வாரம் விற்கலாமே என்று கேட்டேன், விவரம் புரியாமல். அறுப்புக்குத் தயாரான மாடு காத்திருக்காது. தினமும் தீனி தின்னும்; ஏறுவது கறியல்ல, கொழுப்பு; கொழுப்பு மிஞ்சினால் விலையில் பிடித்தம். கரும்பு போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி கட்டிங் ஆர்டர் வராமல் கரும்பு வயலிலேயே காய்ந்து எடை குறைவதை எங்கள் அப்பா வரப்பில் நின்று பார்த்த அதே பார்வையைத்தான் அன்று அங்கே கண்டேன்.

2019 ஆகஸ்ட் 9 இரவு, ஹோல்கம் ஆலையில் தீப்பிடித்தது. அப்போது அது டைசனுடையது, நாளுக்குச் சுமார் 6,000 மாடு அறுத்த ஆலை. மறுநாளும் மாடு அதே மாடு, தின்கிற ஜனம் அதே ஜனம். ஆனால் மாட்டு விலை சரிந்தது, பெட்டிக்கறி விலை ஏறியது. இரண்டும் ஒரே வாரத்தில்! இதற்குச் சதி எதுவும் வேண்டாம். புனலின் கழுத்து அடைத்தால் மேலே தேங்கும், கீழே வறளும். ஆலை டிசம்பரில் மறுபடி ஓடியது. சில மாதங்களில் கொரோனா வந்து பல ஆலைகளை ஒரே நேரத்தில் முடக்கியபோது இதே கூத்து இன்னும் பெரிதாக நடந்தது.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். தொழிலாளர்கள் பற்றி நிறைய வைத்திருந்தேன்: வியட்நாம், மெக்சிகோ, சோமாலியா என்று எங்கெங்கிருந்தோ வந்து ஹோல்கமுக்குப் பக்கத்து ஊரான கார்டன் சிட்டியை நிறைத்தவர்கள். அது இன்னொரு நாளைக்கு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்போது நிலைமை தலைகீழ். வறட்சியால் அமெரிக்காவின் மொத்த மாட்டு மந்தை குறைந்து, 2025 தொடக்கத்தில் 1951-க்குப் பிறகு இல்லாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. மாட்டுக்கு நல்ல விலை, ஆலைகளுக்கு நட்டம். அதனால் அந்த நவம்பரில் நெப்ராஸ்காவின் லெக்சிங்டன் ஆலையை மூடப்போவதாக டைசன் அறிவித்தது. ஊரில் சுமார் 11,000 பேர்; ஆலையில் வேலை பார்த்தவர்கள் சுமார் 3,200. அதே வருடம், அதே மாநிலத்தில், நார்த் பிளாட்டில் மாடு வளர்ப்பவர்களே பணம் போட்ட ஒரு புது ஆலை திறந்தது, நாளுக்கு 1,500 மாட்டுக்கு. அதிலும் வால்மார்ட்டுக்குப் பங்கு உண்டு. நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வணக்கம்.