டோக்கியோவுக்குள் ஒரு தீவு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தூத்துக்குடியில் பிறந்தவன் நான். துறைமுகத்து கிரேன்களைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். ஆனாலும் கப்பலில் ஏறி, விரித்துப் படுத்து, ஓர் இரவு தூங்கியது நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவும் டோக்கியோவில். ஊருக்கு வந்திருக்கும் என்னிடம் ஜப்பான் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். புல்லட் ரயிலையும் செர்ரிப் பூவையும் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வீடு. நாங்கள் இருப்பது கிழக்கு டோக்கியோவில், நிஷிகசாய் என்ற பகுதி. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்திய மென்பொருள்காரர்கள் குடியேறத் தொடங்கிய இடம். உளுந்தும் புளியும் நடந்துபோய் வாங்கலாம். காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதரைக்குத்தான் திரும்புவேன். மகள் தூங்கியிருப்பாள். அங்கேயே பிறந்தவள், ஜப்பானியப் பள்ளியில் அப்போது மூன்றாம் வகுப்பு. ஆறு வயதிலிருந்தே, ரந்தோசெரு என்கிற அந்தக் கெட்டியான பையை மாட்டிக்கொண்டு பெரியவர் துணையில்லாமல் நடந்து போய் வருகிறாள். கிளம்பும்போது "இத்தே கிமாஸ்" என்பாள். சொல்லுக்குச் சொல் நம்முடைய "போயிட்டு வரேன்"தான் அது. "இத்தெராஷ்ஷாய்" என்று பதில் சொல்ல வேண்டும். போயிட்டு வா. மகள் பேசும் ஜப்பானியத்தில் அப்பாவுக்கு முழுதாகப் புரிவது இது ஒன்றுதான் என்று என் மனைவி கேலி செய்வாள்.

கேலியில் பாதி உண்மை. அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிட்டேன். அதனால் வார்டு ஆபீசோ, ஆஸ்பத்திரியோ, பெற்றோர் கூட்டமோ, மொழிபெயர்ப்பாளர் என் மகள்தான். டாக்டர் மூன்று நிமிடம் பேசுவார். இவள் என்னைப் பார்த்து, "ஒண்ணும் இல்லையாம்" என்பாள். நடுவில் என்னவெல்லாம் போனதோ! வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜப்பானியத்தில் பதில் சொல்வாள். அம்மாவும் பெண்ணும் டிவி பார்த்துச் சிரிக்கும்போது, அரை நொடி தாமதித்து நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் வெளிநாட்டுக்காரன் நான் ஒருவன்தான்.

விடுப்பு எடுப்பது அங்கே ஒரு கலை. 2019-இல் சட்டமே வந்துவிட்டது, ஆண்டுக்கு ஐந்து நாளாவது சம்பளத்துடன் கூடிய விடுப்பைத் தொழிலாளி எடுக்கும்படி முதலாளியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. லீவு கேட்டால் முறைக்கும் முதலாளியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஜூலை மூன்றாவது திங்கட்கிழமை கடல் நாள், அரசு விடுமுறை. அதற்கடுத்த சில நாட்களில் பள்ளிக்கும் கோடை விடுமுறை தொடங்கிவிடும். அந்த வாரத்தில் என் கட்டாய விடுப்பில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டேன். ஒகினாவாவுக்குப் போக ஆசை, விமானக் கட்டணத்தைப் பார்த்ததும் ஆசை இறங்கிவிட்டது. அப்போதுதான் மனைவி இசு ஓஷிமாவைச் சொன்னாள்.

டோக்கியோவிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். எரிமலைத் தீவு. ஆனால் நிர்வாகக் கணக்கில் அதுவும் டோக்கியோதான்! கார்களில்கூட சினகாவா என்று டோக்கியோ நம்பர் பிளேட்டே இருக்கும். தகேஷிபா படகுத்துறையிலிருந்து இரவு கிளம்பும் கப்பல் விடிகாலை ஆறு மணிவாக்கில் தீவில் இறக்கிவிடும். ஜெட்பாயில் என்கிற விரைவுப் படகில் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். போகும்போது கப்பல், வரும்போது ஜெட்பாயில் என்று முடிவு செய்தோம்.

இரண்டாம் வகுப்பில் கட்டில் கிடையாது. தரைவிரிப்பு போட்ட ஒரு கூடம், அதில் ஆளுக்கொரு எண், எண்ணுக்கு ஓர் ஆள் படுக்கிற அகலம். கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி படுப்போமே, அப்படியே. ரெயின்போ பாலத்துக்கு அடியில் கப்பல் போகும்போது மூவரும் மேல்தளத்தில் நின்றோம். பிறகு எனக்கும் மனைவிக்கும் நடுவில் மகள் படுத்துக்கொண்டாள். வார நாளில் அவள் விழித்திருக்கும்போது அவள் பக்கத்தில் நான் படுத்ததே இல்லை என்பது இன்ஜின் அதிர்வில்தான் உறைத்தது.

இறங்கும் துறை எது என்பது அன்று காலைதான் முடிவாகும். மேற்கே மோதோமாச்சி, வடக்கே ஒகாதா. காற்றும் அலையும் எந்தப் பக்கம் சாதகமோ அங்கே கப்பல் நிற்கும், பஸ்ஸும் அங்கே வந்து காத்திருக்கும். எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் நடத்தும் நாட்டில், கடலிடம் மட்டும் இப்படிக் கேட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

தீவின் எரிமலையான மிஹாரா மலை 758 மீட்டர் உயரம். பாதி தூரத்துக்கு மேல் பஸ்ஸே போய்விடுகிறது, அப்புறம் நடை. வழியில் கான்கிரீட் கூண்டுகள் நிற்கின்றன, மலை திடீரென்று கல்லை வீசினால் ஒதுங்கிக்கொள்ள. இரண்டு பக்கமும் 1986 நவம்பரில் மலை வெடித்தபோது ஓடிவந்து உறைந்த கரிய எரிமலைக் குழம்பு. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கோயில். குழம்பு அதன் அருகே வந்து இரண்டாகப் பிரிந்து விலகிப் போயிருக்கிறது. நாங்கள் தங்கிய மின்ஷுகு, அதாவது குடும்பத்தார் நடத்தும் தங்கும் விடுதி, அதன் உரிமையாளர் அம்மாவுக்கு அன்று பள்ளி வயது. ஒரே இரவில் தீவையே காலி செய்தார்கள், சுமார் பத்தாயிரம் பேர், எல்லோரும் கப்பலில். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. "டோக்கியோக்காரங்க நாங்க, டோக்கியோவுக்கே அகதியாப் போனோம்" என்றார். மகள் மொழிபெயர்த்தாள். இந்த முறை சுருக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் திரும்ப வேண்டும். துறைமுகத்துக்குப் போனால் பலகையில் இரண்டு கான்ஜி எழுத்துகள், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். எனக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தேன், அவளுக்கும் தெரியவில்லை. நான்காம் வகுப்பிலிருந்துதான் அந்த எழுத்துகள் பாடத்தில் வருமாம். ஒலிபெருக்கியில் "கெக்கோ" என்று கேட்டது. கடைகளில் தினமும் கேட்கிற சொல், "பரவாயில்லை, நல்லது" என்று பொருள். அப்பாடா என்று பெட்டியைத் தூக்கினேன். சுற்றியிருந்தவர்களோ போனை எடுத்து விடுதிகளைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். மகள் போய் டிக்கெட் கவுண்டரில் கேட்டாள். அங்கிருந்த பெண் இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோல வைத்துக் காட்டினார். படகு ரத்து. அதற்கும் கெக்கோ என்றே பெயர், ஒலி ஒன்று, எழுத்து வேறு. "எனக்கும் தெரியலப்பா" என்றாள் மகள், தமிழில். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு மாணவர்களாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளபடியே சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

மேலாளருக்குப் போன் போட்டு மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். அலை பெரிதாக இருக்கிறது என்றதும், "ஷோ கா நாய்" என்றார். வேறு வழியில்லை என்று அர்த்தம். அந்தச் சொல் இல்லாவிட்டால் ஜப்பானில் பாதிக் காரியம் நடக்காது.

விடுதிக்கே திரும்பினோம். இரவுச் சாப்பாட்டுக்கு பெக்கோ. பச்சை மிளகாய் போட்ட சோயாவில் ஊறவைத்த மீன், சோற்றின்மேல் பரப்பித் தருவார்கள். ஜப்பானில் இத்தனை வருடத்தில் ஒரு மீன் என் நாக்கைச் சுட்டது அன்றுதான். அடுத்து குசாயா சாப்பிடுவீர்களா என்றார் அந்த அம்மா. இசு தீவுகளின் கருவாடு அது. அந்தக் காலத்தில் உப்பை வரியாகக் கட்ட வேண்டியிருந்ததால், மீன் ஊறவைத்த உப்புநீரைக் கொட்டாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்களாம். அந்த நீர் தலைமுறை தலைமுறையாகப் புளித்து, இன்றுவரை குடும்பச் சொத்து. நாற்றம் அடிக்கும் என்று எச்சரித்தார். தூத்துக்குடிக்காரனிடம் கருவாட்டு நாற்றமா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அடுப்பில் வைத்ததும் அவர் ஜன்னல்களைத் திறந்தார், என் மனைவி வாசலுக்கே போய்விட்டாள். நான் தோற்றுப்போனேன், நேயர்களே. ஆனால் வாயில் போட்டால் ருசி. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது துண்டு கேட்டாள்.

அங்கே கோடை விடுமுறைக்கு ஜியு கென்கியூ என்று ஒரு வீட்டுப்பாடம் உண்டு. பிள்ளைகள் தாங்களே ஒரு விஷயத்தைத் தேர்ந்து ஆராய வேண்டும். மகள் எடுத்துக்கொண்டது உலர்ந்த மீன். குசாயா ஒன்று, ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படையான கத்சுவோபுஷி ஒன்று. அதைப் பார்த்து, "இது நம்ம மாசிக் கருவாடுதானே" என்று நான் சொல்லப்போக, மூன்றாவதாக மாசியும் சேர்ந்துகொண்டது. கத்சுவோபுஷி, மாசி இரண்டுமே சூரை மீன்தான். மாசியைப் பற்றி யாரிடம் கேட்பது? ஆச்சியிடம்தான். ஆச்சிக்கு ஜப்பானியம் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனும் கையுமாக உட்கார்ந்து, "ஆச்சி, மாசி எப்படிப் பண்ணுவாங்க?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டாள். "அவிக்கணும், பொகை போடணும், வெயில்ல காயப் போடணும்" என்றார் என் அம்மா. மகள் என் பக்கம் திரும்பி, "பொகைன்னா?" என்றாள். "கெமுரி" என்றேன். அவளுக்கு நான் மொழிபெயர்த்த முதல் சொல் அது. வீட்டுப்பாட அட்டையில் ஹிராகானா என்ற ஒலியெழுத்தில் "பொகை" என்று ஆச்சி சொன்னபடியே எழுதி, பக்கத்தில் பொருள் போட்டாள். பள்ளியிலிருந்து அட்டை திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றி ஆசிரியர் பூப்போல ஒரு சிவப்பு வட்டம் வரைந்திருந்தார்.

இந்த முறை வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த நாத்தக் கருவாட்டுல ஒரு துண்டு கொண்டாந்தியாலே?" என்பதுதான். கொண்டுவரவில்லை. விமானத்தில் என்னோடு வந்த முந்நூறு பேரும் பாவம் அல்லவா.

வணக்கம்.