முதல் தாளில் எழுதப்படும் வரி: வாகனம் மோதிக் காயமடைந்த சைக்கிள்காரருக்கு உள்ள சட்ட வழிகள்

அனைவருக்கும் வணக்கம்.

சைக்கிளில் போகிறவர் மேல் கார் மோதுகிறது. இழப்பீட்டு வழக்கு எங்கே தொடங்குகிறது? காவல் நிலையத்தில் என்பார்கள் பலர். ஆனால் அதற்கு முன்பே, மருத்துவமனையின் அவசரப் பிரிவில், ஏ.ஆர். என்று சொல்கிற விபத்துப் பதிவேட்டில் அது தொடங்கிவிடுகிறது. பணியில் இருக்கும் மருத்துவர் "என்ன ஆச்சு?" என்று கேட்பார். கூட வந்தவர் பதற்றத்தில் "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்பார். அந்த வாக்கியம் அப்படியே பதிவேட்டில் ஏறிவிடும். பின்னால், இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அந்தத் தாளை எடுத்து வைப்பார். "எந்த வண்டியும் மோதவில்லை, இவராகவே விழுந்தார், காரைப் பிறகு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்" என்பார். எலும்பு முறிவும் ஆபரேஷனும் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் அந்தக் கார் என்று காட்டுவது அன்றிலிருந்து மலையேறுவதாகிவிடும்.

அதனால் கூட வருகிறவர் சொல்ல வேண்டியது இதுதான்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த மாதிரி வண்டி, எந்தப் பக்கமிருந்து வந்து மோதியது. வண்டி எண் தெரிந்தால் எண். தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத கார் மோதியது" என்று சொன்னாலே போதும். "மோதியது" என்ற சொல் அங்கே இருக்க வேண்டும். தவறாக எழுதிவிட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தால் மருத்துவமனைக்கு உடனே எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போலீசில் கொடுக்கும் புகாரிலும் அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று இரண்டு வரி சேருங்கள்.

சிகிச்சைச் செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்திலும், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தூக்கிக்கொண்டு வந்தவரைக் காவல் துறை தொந்தரவு செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவே பாதுகாப்புக் கொடுக்கிறது.

சம்பவ இடத்தில் அடிக்கடி நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். கார்க்காரர் இறங்கி வருவார், கையில் இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுப்பார், "பேசி முடிச்சுக்கலாம்" என்பார். மணிக்கட்டிலோ காலரெலும்பிலோ உள்ள விரிசல் அப்போது வலியாகத்தான் தெரியும். மறுநாள் வீங்கி, எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் முறிவு என்று தெரியவரும். அதற்குள் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வண்டி எண் பலகையையும் கீழே கிடக்கும் சைக்கிளையும் ஒரே படத்தில் வரும்படி கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சாட்சியாக நினைப்பதில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் காரைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். சைக்கிள் காவல் நிலைய வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும், அல்லது வீட்டுக்காரர்கள் எடுத்துப் போய்க் கடையில் விட்டு ரிம் மாற்றிவிடுவார்கள். ஆனால் மோதல் எங்கிருந்து வந்தது என்பதைச் சைக்கிள் சொல்லிவிடும். பின் ரிம் எட்டுப் போல வளைந்து, மட்கார்டும் கேரியரும் சீட் பக்கமாக நசுங்கியிருந்தால் வண்டி பின்னால் வந்து இடித்திருக்கிறது. முன் ஃபோர்க் பின்பக்கமாக மடங்கி, முன் சக்கரம் பிரேம் குழாயைத் தொட்டால், சைக்கிள் எதன் மீதோ நேராகப் போய் மோதியிருக்கிறது. பெடலின் ஒரு பக்கத்தில் மட்டும் சிராய்ப்பும் அந்தப் பக்க ஹேண்டில்பார் முனையில் காரின் பெயின்ட்டும் இருந்தால் பக்கவாட்டில் உரசியிருக்கிறது. எனவே வழக்கு முடியும் வரை பழுது பார்க்காதீர்கள். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் பார்வை மகஜரில் சைக்கிளின் சேதத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சைக்கிள் வாங்கிய ரசீதையும் வைத்திருங்கள், அந்தச் சேதத்துக்கும் இழப்பீடு கேட்கலாம்.

அடுத்தது காவல் நிலையம். புகார் கொடுத்ததும், புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. வேகமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டிக் காயப்படுத்தியது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தில் 281, 125 ஆகிய பிரிவுகளில் வரும். கொடுங்காயம் என்றால் 125(பி), உயிர் போயிருந்தால் 106(1). எலும்பு முறிவோ பல் முறிவோ இருந்தால் அது கொடுங்காயம்தான். காயச் சான்றிதழில் "சிம்பிள்" என்று எழுதியிருக்க, எக்ஸ்ரேயில் முறிவு இருந்தால், அதைத் திருத்தி வாங்காமல் விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார், அதன்பின் குற்றவியல் நடுவரிடம் மனு. "தவறு சைக்கிள்காரர் மீது" என்று சொல்லி, மேல்நடவடிக்கை இல்லை என்பதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் கொடுத்துப் போலீசார் வழக்கை முடித்தால் நடுவரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த நோட்டீசை மடித்து வைத்துவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் முதல் போலீசாருக்கே சில கெடுக்கள் உண்டு. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. இவை தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போக வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. தாள் தானாக நகரும் என்று மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

ஏனென்றால் இழப்பீடு கேட்க இப்போது கெடு இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு. பழைய நினைவில் "எப்ப வேணா போடலாம்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். நீங்கள் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். நம் ஊர் நீதிமன்றங்களில் எம்.சி.ஓ.பி. என்று எண் போடும் மனு இதுதான். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், எந்தப் பகுதித் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. 164ஆம் பிரிவில் யார் மீது தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம். உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். சாட்சியே இல்லாத விபத்துக்கு இது பெரிய துணை. 166ஆம் பிரிவில் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. குற்றவியல் வழக்குப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையானாலும் இந்த மனு நிற்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி ஒரு தொகை சொல்லிச் சமரசத்துக்கு வருவார். 164ஆம் பிரிவுத் தொகையை அந்த வழியில் ஏற்றுக்கொண்டால் 166இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். பிளேட் வைத்த கால் இன்னும் ஆறாமல் இருக்கும்போது கையெழுத்துக் கேட்டால் பொறுமையாக இருங்கள்.

தொகை எப்படி வருகிறது என்று பார்ப்போம். 34 வயது கொத்தனார் ஒருவர், மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர், 40 வயதுக்குக் கீழே. எனவே 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 2009இன் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16. பெருக்கினால் 40,32,000. வருமானம் ஈட்டும் திறனில் இழப்பு 30 சதவீதம் என்றால் 12,09,600 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, சத்துணவு, போக்குவரத்து, பிளேட் எடுக்கும் ஆபரேஷனுக்கான செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம் எல்லாம் இதற்கு மேல்.

இதில் சண்டை நடப்பது அந்த 30 என்ற எண்ணுக்காகத்தான். ஒரு காலில் 30 சதவீத ஊனம் என்றால் உடல் முழுமைக்கும் 30 ஆகாது. 10 என்றே வைத்தால் தொகை 4,03,200ஆகச் சுருங்கிவிடும். இதற்கு 2011இன் ராஜ்குமார் தீர்ப்பு வழிகாட்டுகிறது. பார்க்க வேண்டியது உடம்பின் சதவீதத்தை அல்ல, அவர் செய்யும் வேலையில் ஏற்பட்ட இழப்பை. இடது கை போனால் தச்சருக்கோ டிரைவருக்கோ கிட்டத்தட்ட முழு வருமானமும் போய்விடும், அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமல் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. எனவே கொத்தனார் சாரத்தில் ஏற முடியாது, குத்துக்கால் போட்டு உட்கார முடியாது, சிமென்ட் மூட்டை தூக்க முடியாது என்பதை மருத்துவரின் சாட்சியத்தில் கொண்டுவர வேண்டும். சிகிச்சையே பார்க்காத மருத்துவரிடம் காசு கொடுத்து வாங்கிய சான்றிதழை நீதிபதிகள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். சிகிச்சை செய்தவரையே கூப்பிடுங்கள், அல்லது மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர் வருமானமே இல்லாதவர் ஆகமாட்டார். 2008இல் அடிபட்ட ஒரு காய்கறி வியாபாரிக்கு, ஆவணம் இல்லாவிட்டாலும் மாதம் 6,500 என்று 2014இல் உச்ச நீதிமன்றம் வைத்துக்கொடுத்தது.

எதிர்த்தரப்பு அடுத்துப் பிடிப்பது, சைக்கிள்காரர் மீதும் பங்குத் தவறு என்ற வாதம். 25 சதவீதம் என்று தீர்ப்பானால் நம் கணக்கில் 3,02,400 ரூபாய் போய்விடும். ஹெல்மெட் போடவில்லை என்று கேட்பார்கள். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்கானது, மிதிவண்டிக்கு அல்ல. ஆனால் எதிர்த்திசையில் போனது, சிக்னலைத் தாண்டியது, ராத்திரியில் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர்கூட இல்லாமல் போனது, இவையெல்லாம் உண்மையிலேயே எடுபடும். நிறுத்தியிருந்த காரின் கதவைத் திடீரென்று திறந்து இடித்தாலும் அது வாகனப் பயன்பாட்டில் நடந்த விபத்துதான். வண்டி ஓடவில்லை என்ற வாதத்துக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு வண்டிகள் சேர்ந்து மோதியிருந்தால் முழுத் தொகையையும் எந்த ஒருவரிடமிருந்தும் வாங்கலாம்.

வண்டி நிற்காமல் போய், எண்ணும் கிடைக்கவில்லை என்றால்? 161ஆம் பிரிவு இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மனு போக வேண்டியது தீர்ப்பாயத்துக்கு அல்ல, விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்துக்கு. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ ஆவணங்கள், அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகல் வேண்டும். ஒப்புதல் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்றால், இந்தத் திட்டத்தைப் பற்றிக் காவல் நிலைய அதிகாரியே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் வண்டி சிக்கி வேறு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தீர்ப்பாயத்துக்கே போக முடியாத விபத்துகளும் உண்டு. 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் கீழான வேகம் கொண்ட மின்சார ஸ்கூட்டர்கள் சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல. அது இடித்தால் உரிமையியல் நீதிமன்றம்தான். சாலைப் பள்ளத்தில் விழுந்தாலும் அப்படித்தான். உரிமையியல் வழக்கு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அரசு மீது உரிமையியல் வழக்கு என்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை.

மில்லுக்கும் கம்பெனிக்கும் சைக்கிளில் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1971இல் ஒரு தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போகையில், தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் லாரி மோதிக் காலரெலும்பு முறிந்தது. அது வேலைக் காயம் ஆகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51ஈ பிரிவைச் சேர்த்த பிறகு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயண விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலைக் காயமாகக் கொள்ளப்படுகிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் விபத்தை உடனே முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்த உதவித்தொகையும் தீர்ப்பாய மனுவும் எப்படிச் சேரும் என்று மனுப் போடும் முன்பே வக்கீலிடம் கேளுங்கள்.

வக்கீல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவது ஊரெங்கும் நடக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100. லோக் அதாலத்தில் முடித்துக்கொண்டால் பணம் விரைவில் வரும், ஆனால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

தீர்ப்பு வந்த பிறகு 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், பிரச்சினையில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இல்லாதவரை. ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்பது போன்ற மீறல்களில், முதலில் கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று தீர்ப்பாயம் சொல்வது வழக்கம். இன்சூரன்ஸே இல்லாத வண்டி என்றால், உரிமையாளர் பிணைத்தொகை கட்டாமல் வண்டியை விடுவிக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். வண்டி வெளியே போனபின் பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அரசுப் பேருந்து மோதியிருந்தால் பணம் தர வேண்டியது போக்குவரத்துக் கழகமே. தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். பேருந்து நிலையத்தில் பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியை நீங்கள் பேப்பரில் படிப்பது இதனால்தான். ஜப்திக்கு உத்தரவு வாங்கினாலே பெரும்பாலும் செக் வந்துவிடும். வட்டி, மனுப் போட்ட தேதியிலிருந்து, பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம் போடுகிறார்கள். மனுவிலேயே அடிபட்டவரின் சொந்த வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள், பணம் வேறு கை மாறாமல் நேராக அதில் ஏறட்டும்.